பிரதம லிகிதரின் மூக்கு

தில்லைநாதன் ஒரு தும்மலை முடித்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. கையிலிருந்த கோவை விழுந்து, காகிதங்கள் மேசைக்கடியில் சிதறின. காலை ஒன்பது மணிதான். அதற்குள் தலையிடி வேறு.

கிளிநொச்சியில் அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறார். பிரதம லிகிதர், மற்ற எழுத்தர்களுக்கெல்லாம் மூத்தவர். ஒரு குறையும் இருந்ததில்லை. போன மாதம் ஏசி பூட்டினார்கள், ஜன்னல்களை அடைத்தார்கள், வந்தது வினை. குளிர் நேரே அவருடைய தோளில் இறங்கியது. அதற்காவது ஸ்கந்தபுரத்துப் பரியாரியார் காய்ச்சிக் கொடுத்த தைலம் இருந்தது. காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாகத் தேய்த்துக்கொண்டால் உளைவு அடங்கிவிடும். ஆனால் அந்த அடைத்த அறைக்குள் எல்லோரும் வாசனைச் சென்ற் அடித்துக்கொண்டு வரத் தொடங்கினார்களே, அதற்கு எந்தப் பரியாரியிடம் போவது?

முதலில் எதிர் மேசைத் தனுஷாவிடம் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார்.

“பிள்ளை, குறை நினைக்காதையும். இந்தச் சென்ற் எனக்கு ஒத்துவராது. மூக்கு எரியுது.”

“எனக்கும் விருப்பமில்லை ஐயா. ஆனா இந்த அறைக்குள்ள அது இல்லாமல் இருக்கேலாது.”

“ஏன் ஏலாது? இத்தனை வருசமா நான் இருக்கேல்லையே?”

அவள் பக்கத்து மேசை நிரஞ்சனைப் பார்த்தாள். மறுநாள் நிரஞ்சனும் சட்டை நனைய அடித்துக்கொண்டு வந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன பயன் என்று தில்லைநாதனுக்குக் கொதித்தது. தலை இடித்ததால் நெற்றியிலும் தைலத்தைத் தடவினார்.

அடுத்த நாள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். ஏ-ஒன்பது வீதியின் புழுதியும் லொறிப் புகையும் உரிமையோடு உள்ளே வந்தன. தனுஷா ஓடிவந்து ஜன்னலில் தலையை நீட்டி ஆசையாக மூச்சை இழுத்தாள்.

“பார்த்தீரே, உமக்கும் காத்து வேணும்தானே!” என்றார் தில்லைநாதன்.

ஏசி பழுதாகிவிடும் என்று மறுநாள் அந்த ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார்கள்.

பொறுப்பதிகாரி பத்மாசனியிடம் போனார். “மிஸ், அறைக்குள்ள மணம் தாங்கேலாமல் கிடக்கு.”

“ஓம் ஐயா, எனக்கும் தெரியும். நாளைக்கே ஒரு ஏற்பாடு செய்யிறன்.”

ஏற்பாடு மறுநாள் அவருடைய கதிரைக்கு நேர் மேலே சுவரில் இருந்தது. ஒரு வெள்ளைப் பெட்டி. பத்து நிமிடத்துக்கு ஒருதடவை ‘புஸ்’ என்று ரோசாப்பூ மணத்தை அவருடைய வழுக்கையில் பொழிந்தது.

“மணத்துக்கு மருந்து மணமோ மிஸ்?”

“பழகிடும் ஐயா.”

தில்லைநாதன் முகக்கவசம் போட்டார். அதற்குள்ளும் நான்கு சொட்டுத் தைலம் விட்டார். அன்று மத்தியானம் நிரஞ்சன் ஒரு பச்சை அட்டையைக் கொண்டுவந்து அவருடைய மேசை விளிம்பில் தொங்கவிட்டான்.

“இதென்ன தம்பி?”

“எலுமிச்சை மணம் ஐயா. காருக்குள்ள போடுறது.”

“நான் என்ன காரோ?”

“எல்லாருக்கும் நல்லது ஐயா” என்று சொல்லிவிட்டு அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நழுவினான்.

பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. தில்லைநாதன் இடமாற்றம் கேட்டு எழுதினார், முல்லைத்தீவுக்கு. உண்மையில் அவருக்குப் போக மனமில்லை. இங்கே வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். அங்கே போவதென்றால் விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறவேண்டும். பென்சனுக்கு மூன்றே வருடம் கிடக்கும் வயதில் இது தேவையா? பத்மாசனி பதறிப்போய்த் தடுப்பா, அப்போது பெட்டியைக் கழற்றச் சொல்லலாம் என்பதுதான் அவருடைய கணக்கு.

பத்மாசனி நின்ற நிலையிலேயே சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டுவிட்டா. வருடக்கணக்கில் இழுபடுகிற இடமாற்றம் பத்தே நாளில் வந்தது. “நில்லுங்கோ ஐயா” என்று ஒரு வார்த்தை, ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது தில்லைநாதனின் நெஞ்சில் தைத்தது.

கடைசி நாள் எல்லோரும் போனபிறகு மேசை லாச்சியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அழகம்மா தேநீர் கொண்டுவந்தாள். வெளியே குசினியில் தேநீர் போடுகிறவள். அந்த அலுவலகத்தில் சென்ற் அடிக்காத ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே அவளிடம் மனம் திறந்தார்.

“இருபத்திரண்டு வருசம் அழகம்மா. இந்தச் சென்ற் மணத்துக்குப் பயந்துதான் முல்லைத்தீவுக்கு ஓடுறன்.” தலை இடித்தது. போத்தலைத் திறந்து நெற்றியில் தாராளமாகத் தேய்த்தார்.

அழகம்மா இரண்டடி பின்னால் போய், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அதுக்கா ஐயா போறீங்க? இந்தத் தைலப் போத்தலை வீட்டுல வச்சிட்டு வந்திருந்தீங்கன்னா, அந்தப் புள்ளைங்க ஏன் சென்ற் அடிக்கப் போகுதுங்க?”