கூடையென்று நினைத்து x-ஐத் தூக்கிப் போட்டேன்

மேலகரம்,
சனிக்கிழமை மாலை.

அன்புத் தங்கை பெர்சிஸுக்கு,

அண்ணன் பென்னி எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணி ரூபியும் சுகமாக இருக்கிறோம். சுஜிதாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பிள்ளை வியாழக்கிழமையிலிருந்து என் முகத்தையே பார்ப்பதில்லை. போனில் சொன்னால் நீ சிரிப்பாய். கணக்கு டீச்சரான நீ சிரித்தால் தாங்குகிற நிலைமையில் நான் இல்லை. அதனால்தான் கடிதமாக எழுதி, சுரண்டைக்கு வருகிற காய்கறி டெம்போவில் கொடுத்தனுப்புகிறேன்.

பரீட்சைக்குப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தாள். பதினோராம் வகுப்புக் கணக்கில் எல்லாரும் செய்கிற தப்புகளை அவள் செய்துவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பாவூர்சத்திரத்தில் மண்டி வைத்து மனக்கணக்கிலேயே காலம் தள்ளுகிறவன் என்கிற திமிர், வேறென்ன. முதல் கணக்கு x² = 5x. காய்கறியைக் கூடையோடு நிறுத்தால் கூடையைக் கழித்துவிடுவது எங்கள் மண்டி வழக்கம் உனக்குத் தெரியுமே, அதே நினைப்பில், "ரெண்டு பக்கமும் ஒரு x கெடக்குல்லா? அது கூடைட்டி, தூக்கிப் போடு. மிச்சம் அஞ்சு" என்றேன். கூடையைத் தூக்கினேன், கூடவே ஒரு விடையும் போய்விட்டது. x பூஜ்யமாகவும் இருக்கலாமாம், பூஜ்யத்தால் வகுக்கக் கூடாதாம், எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து x-ஐப் பொதுவாக வெளியே எடுக்க வேண்டுமாம். வெறும் கூடையைச் சுமந்துகொண்டு எவன் பாவூர்சத்திரத்துக்கு வருகிறான், நீயே சொல்.

அதோடு விட்டேனா? −2x < 6 என்ற கணக்கில் மைனஸ் இரண்டால் வகுத்துவிட்டு அவள் அந்தக் குறியைத் திருப்பிப் போட்டாள். "எதுக்குட்டி திருப்புத? போட்டது போட்டபடியே கெடக்கட்டும்" என்று நானே ரப்பரை எடுத்து அழித்தேன். மைனஸால் வகுத்தால் குறி திரும்பத்தான் வேண்டுமாம். பிறகு வரைபடம், y = (x−2)². மேலகரத்தில் இருக்கிற நம் வீடு பூஜ்யம், வலதுபக்கம் தென்காசி, அது ப்ளஸ், இடதுபக்கம் குற்றாலம், அது மைனஸ், "மைனஸ் ரெண்டுன்னு போட்டிருக்குல்லா, பேசாம குத்தாலம் பஸ் ஏறு" என்று சொல்லிக் கொடுத்தேன். பரீட்சையில் அவள் போட்ட வளைகோடு சீசன் கூட்டத்தோடு கூட்டமாகக் குற்றாலத்தில் போய் நின்றது. x-க்கு இரண்டு போட்டால்தானே அடைப்புக்குறிக்குள் பூஜ்யம் வரும், அப்படியானால் தென்காசிப் பக்கம்தான் போக வேண்டும் என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருப்பதாகப் பேப்பரைப் பார்த்த ரூபி சொன்னாள். இரண்டைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் சொல்வதுதான் சரி.

வியாழக்கிழமை பேப்பர் வந்தது. பிள்ளை அதை ரூபியிடம்தான் காட்டினாள், என்னிடம் காட்டவே இல்லை. "எப்பா, எனக்குக் கணக்கு வராது. திங்கக்கெழம டீச்சர்ட்ட சொல்லி காமர்ஸுக்கு மாறப்போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாலம் கட்டுகிற இன்ஜினியர் ஆவேன் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, பெர்சிஸ்! ரூபி வேறு, "வெண்டைக்காயோட நிறுத்தியிருக்கக் கூடாதா? எதுக்கு அந்த x-ஐப் போய்த் தொட்டிய?" என்கிறாள். என் பிள்ளையின் படிப்பை நானே கெடுத்துவிட்டேன். நாளை ஆராதனை முடிந்ததும் எப்படியாவது பஸ் ஏறி வா. திங்கட்கிழமைக்குள் அவள் மனதை மாற்று. நீ சொன்னால் கேட்பாள்.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
வெட்கத்தோடு உன் அண்ணன்
பென்னி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கவரை ஒட்டச் சொல்லி ரூபி இதைச் சுஜிதாவிடம் கொடுக்க, அவள் முழுவதையும் படித்துவிட்டாள். காமர்ஸுக்கெல்லாம் போகவில்லையாம். நான் சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேறு வழி தெரியாமல் சொன்னாளாம். இப்போதுதான் அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினாள். பூஜ்யம், ஐந்து என்று இரண்டு விடையும் எழுதி, பூஜ்யத்தை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாள். "தெரிஞ்சிருந்தும் ஏன்ட்டி அடிச்ச?" என்று கேட்டேன். "நீங்க சொன்னியள்லாப்பா" என்றாள்.