ஜெயித்துத் தொலைத்த மனு

அந்தக் காலத்தில் நான் எழுதிய மனுக்களில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. தோற்ற மனுக்களுக்காக நான் பட்ட வருத்தமெல்லாம் அந்த ஒன்று ஜெயித்ததற்காகப் பட்ட வருத்தத்துக்கு உறை போடக் காணாது.

முப்பது வருடம் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் காட்டில் பாடுபட்டவர்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் என்னை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே எனக்கு இரண்டு சொத்துக்கள் கிடைத்தன. ஒன்று அழகான கையெழுத்து, மற்றொன்று ஆண்டவர் மேல் சந்தேகம். (இரண்டையும் கொடுத்தது ஒரே ஃபாதர்தான். முதலாவதை மட்டும் தெரிந்து கொடுத்தார்.)

இருபது வயதில் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினேன். என் மனைவி ஸ்டெல்லா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். அதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. ஆனால் கடவுள் இல்லை என்று முடிவு செய்துவிட்ட ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னதான் செய்வது? நான் மனு எழுதினேன்.

துடியலூரைத் தாண்டி இருக்கிற எங்கள் பகுதியில் மனுவுக்கான விஷயத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை. தார் போட்டு அதன் சூடு ஆறுவதற்குள் குழாய் பதிக்கத் தோண்டுவார்கள். தோண்டியதை மூடிய பிறகு இன்னொரு குழாயை மறந்துவிட்டது ஞாபகத்துக்கு வரும். மழைநீர் வடிகால் ஒன்று கட்டினார்கள். அது ரோட்டைவிட ஓரடி உயரம். மழைநீர் அதற்குள் போக வேண்டுமென்றால் படி ஏறித்தான் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மனு எழுதினேன். மனிதன் தன் தெருவைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும், சொர்க்கம் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை என்பது என் கொள்கை. என் மகள் அமலா இதற்கு ஒரு உரை எழுதினாள்: "அம்மா ஜெபம் மேல போகுது, அப்பா மனு ஆபீசுக்குப் போகுது. ரெண்டுக்கும் பதில் வந்து நான் பாத்ததில்லை."

இந்த நிலையில்தான் எங்கள் பகுதிக் குறுக்கு ரோட்டில் ஒரு பயணிகள் நிழற்குடை முளைத்தது. எவர்சில்வர் பெஞ்சு, பளபளக்கும் தகரக் கூரை எல்லாம் உண்டு. பஸ்தான் கிடையாது. அந்த ரோட்டில் பஸ் நுழைந்தால் திரும்ப முடியாது. வந்த வழியே பின்னாலேயே போக வேண்டும். ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். கூரை அவ்வளவு உயரம் என்பதால் நிழல் பெஞ்சில் விழாமல் பக்கத்து காம்பவுண்டுச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அதன்பின் அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை. ("ஒரே ஒரு அளவீட்டை நம்பாதே, மூன்று எடு" என்று முப்பது வருடம் மாணவர்களிடம் சொன்ன ஆசாமி நான்தான்.)

மூன்று வருடங்களுக்கு மேல் எழுதினேன். 'பஸ் வராத இடத்தில் நிழற்குடை எதற்கு? மக்கள் பணத்தின் கல்லறையாக நிற்கும் இதனை அகற்றுக' என்று முடித்திருந்தேன். 'கல்லறை' என்ற சொல்லை எழுதிவிட்டு ஒரு நாள் முழுவதும் ரசித்தேன்.

திடீரென்று ஒரு நாள் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. (எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். என் மனுக்கள் சில இன்னும் அங்கே கிடக்கின்றன.) "சாருங்களா? உங்க மனுவ ஏத்துக்கிட்டாச்சுங்க. நாளைக்குப் பதினொரு மணிக்கு இடிக்கறமுங்க. மனுதாரர் நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நல்லாருக்கும்."

அன்று சாயங்காலம் இஸ்திரித் துணி கொண்டுவந்த மயிலாத்தாளிடம், "அந்த வெள்ளைச் சட்டை வந்திருச்சா?" என்று நானே வாசலுக்குப் போய்க் கேட்டேன். வழக்கமாக ஸ்டெல்லாதான் துணியை வாங்கி வைப்பாள். "வந்திருச்சுங்க சார். நாளைக்கு என்னமோ விசேஷமாட்டத் தெரியுது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். ஒரு பொது விஷயம் என்று சொன்னேன்.

மறுநாள் போனேன். ஜேசிபி ஓரமாக நின்றது. நிழற்குடைக்குள் நான் எதிர்பார்க்காத கூட்டம். பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு மேசை, மலை மாதிரி துணி, கரி இஸ்திரிப் பெட்டி. அதற்குப் பின்னால் மயிலாத்தாள்.

"சார் வந்துட்டாருங்க" என்று பெரியவர்களிடம் சொன்னாள். "நா அப்பவே சொல்லலீங்களா, சாருக்குத் தெரிஞ்சா வந்துருவாருன்னு."

"மயிலாத்தா, நீ இங்க என்ன பண்ற?"

"இங்கதானுங்க சார் நாலு வருஷமாத் தேய்க்கறேன். உங்க துணி பூராம் இந்த மேசைல தேச்சதுதானுங்க. இப்பப் போட்டிருக்கற சட்டையுந்தான்."

குனிந்து சட்டையைப் பார்த்தேன். மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"ஆரோ ஒரு நாசமாப் போறவன் மனு எழுதிப் போட்டுட்டானுங்க சார், இங்க பஸ்ஸு வாரதில்லைன்னு. பஸ்ஸு வாராட்டி என்னுங்க, நாங்க வாரமில்லீங்களா?"

"பென்சன் வாங்கிட்டு ஊட்ல சும்மா உக்காந்திருக்கற எவனோ பண்ணுன வேலை" என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு பெரியவர்.

நானும் அவருடன் சேர்ந்து தலையை ஆட்டினேன். இதை எழுதும்போது என் காது இன்னும் சூடாகிறது.

"இடத்த உட்டா எனக்கு வேற போக்கில்லைங்க சார். என்ற ஊடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், துணிய அங்க ஆரு கொண்டாருவாங்க? இடிக்க வேண்டாம்னு நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க. உங்க எழுத்துக்கு ஒரு மருவாதி உண்டுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சின்ன வயதில், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் முன்னால் என் அப்பா நின்ற அதே நிற்பு. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் பேனாவை எடுத்தேன்.

ஜேசிபியின் டயர் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நல்ல மனு. எழுதுவதற்காகத்தான் அந்த நிழற்குடையை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். பதினொரு மணிக்கு நிழல் பெஞ்சில் அளந்து வைத்த மாதிரி விழுந்திருந்தது. 'நிழல் என்பது பஸ் பயணிகளுக்கு மட்டும் உரியதன்று' என்று ஒரு வரி போட்டேன். பெரியவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மயிலாத்தாள் போட்டாள். எழுதிக் கொடுத்தவர் என்று கீழே நானும் போட்டேன். பழக்க தோஷம்.

பைக்கில் வந்து இறங்கிய பொறியாளர் மிகவும் மரியாதையானவர். மனுவை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். பிறகு கக்கத்தில் இருந்த ஃபைலைத் திறந்தார். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இந்த எழுத்தும் இந்த எழுத்தும் ஒண்ணாட்ட இருக்குதுங்களே?"

நான் ஜேசிபியைப் பார்த்தேன்.

"பேரும் ஒண்ணுதானுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. இடிக்கச் சொன்னதும் நீங்க, இடிக்க வேண்டாங்கறதும் நீங்க. இதுல எந்த உங்களுக்கு நாங்க பதில் சொல்றதுங்க?"

ஊட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. பேப்பர் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். மயிலாத்தாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே இட்ட உத்தரவை நிறுத்தத் தனக்கு அதிகாரம் இல்லை, புது மனுவுக்குப் புது ஃபைல் போடுவதாகப் பொறியாளர் வருத்தத்தோடு சொன்னார். பழைய ஃபைலில் மனுதாரர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

வீட்டில் ஸ்டெல்லா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "மயிலாத்தா எங்க தேய்க்கறான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனுங்களே." அப்புறம் கேட்டாள்: "நான் தப்புப் பண்ணுனா ஃபாதர்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன். நீங்க எங்க போவீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மூன்று நாள் யோசித்தேன். கடவுள் இல்லாதவனுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு: நரகம் கிடையாது. சங்கடம் என்னவென்றால், நடுவில் ஆளும் கிடையாது. யாருக்குத் தப்புச் செய்தோமோ அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். ஐம்பது வருட நாத்திகத்தில் இது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ரயில்வே கேட்டைத் தாண்டி அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் மேசை போட்டிருந்தாள். துணி கொஞ்சமாகத்தான் கிடந்தது.

"நான்தான் எழுதினேன், மயிலாத்தா."

"அது அன்னிக்கே ஊருக்கே தெரிஞ்சு போச்சுங்களே."

"அதுக்கு முந்தி நானே உன்கிட்டச் சொல்லியிருக்கணும். அதை மறைச்சுட்டு டயர் மேல வெச்சு மனு எழுதினேன். என்னை மன்னிச்சிரு."

ஒரு காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "மூணு வருஷம் எழுதுனீங்களாமா. அதுல ஒரு நாளு நடந்து வந்து எட்டிப் பாத்திருக்கலாமில்லீங்க? எழுத்து நல்லாத்தானுங்க இருக்குது. கண்ணுதான் செரியில்லை."

இதைவிடச் சரியாக எனக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை. எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் வந்து தேய்க்க முடியுமா என்று கேட்டேன். சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் ஒரு தரம், உச்சிப் பொழுதில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வந்து வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேசையைக் கொண்டுவந்தாள். அங்கே நின்ற எங்கள் கார் அன்றைக்குத் தெருவுக்குப் போனது. தூசி படிந்து இப்போது அது என்ன நிறமாக இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

துணி கொண்டுவருகிறவர்களில் மனு வேண்டும் என்கிறவர்களுக்கு நான் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். பென்சன், பட்டா, தெருவிளக்கு. ஒரே ஒரு நிபந்தனை மயிலாத்தாள் போட்டது: "மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க சார், அப்பறம் எழுதலாம்." குடையை எடுத்துக்கொண்டு நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும்தான். சில மனுக்களுக்கு இப்போது பதில்கூட வருகிறது.

அப்படித்தான் டயர் மேல் வைத்து எழுதிய அந்த இரண்டாவது மனுவுக்கும், எட்டு மாதம் கழித்து, பதில் வந்தது. நியாயமான கோரிக்கை என்று ஏற்கப்பட்டதாம். மயிலாத்தாளுக்கு இடம் கிடைத்துவிட்டது, இனி வேண்டாம் என்று கெஞ்ச நானே நேரில் போனேன். ஒரு மனுதாரர் எத்தனை தரம் மனம் மாறுவார் என்று மரியாதையாகக் கேட்டார்கள். அதே இடத்தில், அதே உயரத்தில், அதே பெஞ்சோடு புது நிழற்குடை எழும்பியது. மயிலாத்தாள் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அது கெடக்கட்டுங்க, நம்ம போர்ட்டிகோவுல காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டாள். பெரியவர்களும் பேப்பரோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். இப்போது நிழற்குடையில் நிஜமாகவே யாரும் உட்காருவதில்லை.

ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் ஸ்டெல்லா அவர்களை அந்த வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போகிறாள். மற்ற வீட்டுப் பெண்கள் புருஷன் கட்டிய மாடியைக் காட்டுவது போல நின்று காட்டுகிறாள்.

"இது எங்க ஊட்டுக்காரர் கட்டுனதுங்க. இதுக்கு முந்தி இருந்ததையும் அவருதான் இடிச்சாரு."