பேத்தமங்களா ஏரியில் நாங்கள் மூழ்கிய கதை

பெண் பார்க்கும் படலத்தைப் புதுமையாக நடத்தப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போகாதீர்கள். போனாலும் என் அப்பா மாதிரி ஒருவரை அழைத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கம் மூடும்வரை அப்பாவுக்குப் பூமிக்கு அடியில்தான் வேலை. ஷிப்ட் முடிந்து, மேலே தூக்கிவரும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறும்போது தலை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, தேடத்தான் வேண்டும். சுரங்கத்தை மூடியவர்கள் அப்பாவின் எண்ணிக்கையை மூட மறந்துவிட்டார்கள். கல்யாணப் பந்தி, பஸ், சர்ச் என்று எங்கிருந்து கிளம்பினாலும் விரலை நீட்டி எண்ணுவார். (ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து எண்ணிவிட்டு, ஒரு ஆள் அதிகம் வருகிறதே என்று தவித்தார்.)

நான் அப்போது தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த வரன்களில் போனில் பேசிப் பிடித்துப்போன ஒரே ஆள் ஸ்டீபன். வீட்டில் நான் கேசரித் தட்டோடு நிற்க, அப்பா வாயைத் திறந்தால் இதுவும் கெட்டுவிடும் என்று எனக்குப் பயம். அதனால் பேத்தமங்களா ஏரிக்கரைப் பூங்காவில் சந்திக்கலாம், நடந்துகொண்டே பேசலாம் என்று அடம்பிடித்தேன். பெரிய நாகரிகப் புரட்சி செய்கிற நினைப்பு எனக்கு.

எங்கள் பக்கம் அப்பா, அம்மா, அத்தை, நான். அவர்கள் பக்கம் ஸ்டீபனும் அவன் அம்மாவும். பெரியவர்கள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாங்கள் நடந்தோம். பூங்காவோ உள்ளங்கை அளவு. ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மறுபடி அந்தப் பெஞ்சு வந்துவிடும், அத்தை எங்களையே முறைத்துக்கொண்டிருப்பார்.

"இப்டியே சுத்துனா தலைதான் சுத்தும். அப்டி கரைமேல போய்ட்டு வரலாமா?" என்றான் ஸ்டீபன்.

போனேன். என் கைப்பை, போன் எல்லாம் அம்மாவிடம். அவன் போன் அவன் அம்மாவிடம். சுட்ட சோளம் வாங்கித் தின்றுகொண்டே வெகுதூரம் போய்விட்டோம். திரும்பும்போது, கட்டினால் இவனைத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

வந்து பார்த்தால் தண்ணீரோரம் பெருங்கூட்டம். கீரைக்கட்டோடு நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"இன்னா ஆச்சுக்கா?"

"ஒரு பொண்ணும் பையனும் ஏரில வுழுந்துட்டாங்களாம்மா. வூட்ல கல்யாணத்துக்கு ஒத்துக்கலையாம்."

எனக்கு வந்ததே கோபம். "இந்தக் காலத்துல கூட இப்டி அப்பா அம்மா கீறாங்க பாருங்க," என்று ஸ்டீபனிடம் பொரிந்து தள்ளினேன். அவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, யாரோ நீட்டிய கயிற்றைப் பிடித்து இழுக்கப் போய்விட்டான்.

கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் மூங்கிலால் துழாவிக்கொண்டிருந்தவர் என் அப்பா. கிளம்பலாமென்று எண்ணிப் பார்த்ததில் இரண்டு தலை குறைந்ததாம். கரையில் அத்தை கண்ணை மூடிச் சத்தமாக ஜெபம் செய்துகொண்டிருந்தார். அம்மாவால் அழக்கூட முடியவில்லை.

அப்பா நிமிர்ந்தார். எங்களைப் பார்த்தார். திட்டவில்லை, அழவில்லை. சேறு சொட்டச் சொட்டக் கரையேறி, விரலை நீட்டி, தன்னையும் சேர்த்து எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். "ஆறு. செரி, கௌம்பலாம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. புதுச்சட்டையைப் பிழிந்துகொண்டு நிற்கும் இந்த மனிதரோடு யார் சம்பந்தம் செய்வார்கள்? எல்லாம் போயிற்று என்று அழுதேவிட்டேன். ஸ்டீபனின் அம்மா மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டீபன் அப்பா ஒருநாளு சொரங்கத்துல அடியில மாட்டிக்கினாரு," என்றார் மெதுவாக. "இப்டி எண்ணிப் பாத்து தேடிப் போனவங்கதான் மேல கொண்டாந்தாங்க. அப்புறம் ரொம்ப வருசம் எங்களோட இருந்தாரு. நீங்க தேதிய பாருங்கண்ணா."

கல்யாணம் நடந்தது. ஆனால் பேத்தமங்களாவுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. போன மாதம் குடும்பத்தோடு அதே பூங்காவுக்குப் போனோம். என் மகள் ஏரியோரக் கம்பியைப் பிடித்துத் தொங்கியதைப் பார்த்துச் சோளக்காரர் பதறிவிட்டார்.

"பாப்பாவ அங்க வுடாதீங்க. அந்த எடத்துலதான் ஒரு ஜோடி செத்துப்போச்சு."

ஸ்டீபன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அடப்பாவமே, பொண்ணு எப்டியாம்?" என்று விசாரித்தான்.

"தங்கமான பொண்ணாம் சார். அப்பன்தான் சரியில்லயாம்."

பக்கத்திலேயே நின்று சோளம் கடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் டிவி ரிமோட்டைத் தர மறுத்தாலும் சரி, மாத்திரை போட மறந்தாலும் சரி, அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "பொண்ணு தங்கந்தான். அப்பன்தான் சரியில்ல."