புது ஹெல்மெட்டில் ஒரு கரும்புள்ளி

புது ஹெல்மெட்டின் கண்ணாடிக்குக் கீழே ஒரு கரும்புள்ளி இருந்தது. நேற்று கடையில் வாங்கும்போது அது இல்லை.

அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார். எச்சில் தொட்டும் தேய்த்தார். ஊஹூம், போகவில்லை.

"ஏமாத்திட்டான்! யாரோ போட்டு வெல்டிங் பண்ணினதைப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டான்!"

கூடத்தில் தையல் மிஷின் முன்னால் இருந்த மனைவி நிமிரவில்லை. "யாருங்க?"

"கடைக்காரன்தான், வேற யாரு? பொறி தெறிச்ச தடம் பளிச்சுன்னு தெரியுது பாரு!"

அவர் தணிக்கை அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். அடுத்தவர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற மனுஷன், வீட்டுக்கு வந்தாவது சும்மா இருக்கலாம். இருந்தால்தானே!

வாசல் இரும்புக் கேட்டின் கீல் உடைந்தபோது, வெல்டரைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. "அவன் ஏமாத்துவான். நானே பண்றேன்" என்று பழைய வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கி ஷெட்டில் வைத்தார். வெல்டிங் வீடியோக்களைக் கூடத்தில் உட்கார்ந்து, வீடே அதிரும் சத்தத்தில், வாரக்கணக்கில் பார்த்தார். கேட்டோ நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. இப்போது இரண்டு கையாலும் தூக்கி, தோளால் முட்டினால்தான் திறக்கும்.

கடைசியில் மனைவி கெடு வைத்துவிட்டாள்.

"இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கேட்டு சரியாகணும். இல்லேன்னா மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். அப்புறம் இந்த வீட்டுல நீங்க ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மானப் பிரச்சினை! ஆனால் கண் விஷயமாயிற்றே. ஹெல்மெட் மேல் நம்பிக்கை வராமல் எப்படிப் பற்ற வைப்பது?

அது பொறி கிளம்பிய கணமே கண்ணாடி தானாகக் கறுத்துக்கொள்ளும் ரகம். வாங்கும்போதே கடையில் ஒரு விசாரணை நடந்தது.

"விலை கம்மியா இருக்கே, என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணுமில்ல சார். தினம் வெல்டிங் பண்றவங்கதான் விலை கூடினதைக் கேப்பாங்க. பொழுதுபோக்குக்குப் பண்றவங்களுக்கு இதுவே தாராளம்." கடைக்காரர் சிகரெட் லைட்டரைச் சொடுக்கிக் காட்டினார். கண்ணாடி சட்டென்று கறுத்தது.

"லைட்டருக்குக் கறுக்குது. வெல்டிங்குக்குக் கறுக்குமா?"

"பண்ணிப் பாருங்க சார், தெரியும்."

"கறுக்கலேன்னா? புதுக் கண்ணு நீங்க தருவீங்களா?"

அந்த ஹெல்மெட்டில்தான் இப்போது கரும்புள்ளி. பூதக்கண்ணாடி கடைக்கு ஓடினார்.

"புள்ளி மட்டுமில்ல! என் தலை பெரிய தலை. நேத்து இங்கேயே உள் பட்டையைத் தளர்த்தி வெச்சேன், இப்ப இறுகிக் கிடக்கு. வேற ஒண்ணை மாத்திக் குடுத்திருக்கீங்க! உங்களுக்குச் சின்னத் தலை. மாட்டுங்க பார்ப்போம்!"

பாவம், கடைக்காரர் மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தீங்களா!"

நின்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர் மெல்ல நழுவினார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, முத்திரை பிரிக்காத வேறொன்றைக் கொடுத்தார்.

மறுநாள் அதிலும் புள்ளி. இந்தத் தடவை மூன்று.

"விடுங்க, கடைக்காரர் பாவம்" என்றாள் மனைவி. "கண்ணாடி நல்லாத்தானே கறுக்குது. இதையே வெச்சுக்கலாம்."

"கறுக்கிறதைப் பத்தி உனக்கென்ன தெரியும்? பேசாம இரு!"

அவள் மறுபடி தையல் மிஷினை மிதித்தாள்.

மூன்றாவது ஹெல்மெட்டைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, அதைப் போனில் படம் பிடித்து, உள்ளே கையெழுத்தும் போட்டுக்கொண்டு வந்தார். ஷெட்டுக்குப் புதுப் பூட்டு போட்டார். ஒரு சாவி சட்டைப்பையில். இன்னொன்று மனைவியிடம், நம்பிக்கையான ஆள் வேண்டுமல்லவா?

சனிக்கிழமை காலையில் பூட்டைத் திறந்தார். தன் கையெழுத்துப் போட்ட ஹெல்மெட்டில், அம்மை போட்டதுபோல் புள்ளிகள்!

பூதக்கண்ணாடிக்கு வியர்த்துவிட்டது. கடை மாற்றிக் கொடுக்கவில்லை. பூட்டு உடையவில்லை. அப்படியென்றால்?

ஹெல்மெட்டை அங்கேயே போட்டுவிட்டுக் கடைக்குப் பறந்தார்.

"என் வீட்டு ஷெட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டது நீங்கதானே?"

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தார். "சார், உங்க வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது!"

"நடிக்காதீங்க. வாங்க, பூட்டைக் காட்டறேன். இல்ல, போலீஸுக்குப் போவேன்!"

இருபது வருஷக் கடை, கெட்ட பேர் எதற்கு என்று, மதிய வியாபாரம் முடிந்ததும் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். போகும் வழியெல்லாம் வாய் ஓயவில்லை நம்மவருக்கு. சாயங்காலம்தான் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"தள்ளி நில்லுங்க. இந்தக் கேட்டு லேசுல திறக்காது" என்று பூதக்கண்ணாடி மூச்சை இழுத்தார். இரண்டு கையாலும் தூக்கி, தோளால் ஓங்கி முட்டினார்.

கேட்டு காற்றாய்த் திறந்துகொண்டது. அவர் அதே வேகத்தில் உள்ளே பாய்ந்து, பூந்தொட்டி மேல் குப்புற விழுந்தார்.

கடைக்காரர் தூக்க வரவில்லை. கீலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புது வெல்டிங், சட்டைக்கு மடித்துத் தைத்த விளிம்புபோல் சீராக ஓடியிருந்தது.

"அடேயப்பா! யாரு சார் பண்ணினது? தொழில்காரன்கூட இவ்வளவு நேரா போட மாட்டான்."

பூதக்கண்ணாடி மண்ணைத் துப்பினார். "ஓ! என் வீட்டுக்குள்ள புகுந்து கேட்டையும் ஒட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்களா?"

அப்போது எதிர்வீட்டு அம்மாள், கால் உடைந்த இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்தவரைச் சுற்றி வந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"அக்கா, அடுத்தது என்னோடதுன்னு சொன்னீங்களே! உங்க வீட்டுக்காரர் மறுபடியும் ஹெல்மெட்டைக் கடைக்குத் தூக்கிட்டு ஓடறதுக்குள்ள இந்தக் காலையும் ஒட்டிக் குடுத்துடுங்கக்கா!"