டென்சில் சாரின் டீயை நான் குடிக்கவில்லை

மர்பி டவுன், பெங்களூர்
ஆகஸ்ட் 2002

என் அன்புத் தங்கை தனலக்ஷ்மிக்கு அண்ணன் ஜெயவேலு எழுதுவது. இங்கே நானும் உன் மகள் வெண்ணிலாவும் சுகம். அங்கே தங்கவயலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் இருமலை மட்டும் நம்பவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

காலேஜில் இடம் கிடைக்காத பெண்ணுக்கு பெங்களூரில் என்ன வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே.

பியூசி முதல் வருஷம் அரைப் பரீட்சையில் அவள் வாங்கியது முப்பத்தெட்டு சதவீதம், வருஷக் கடைசியில் நாற்பத்தேழு, இரண்டாம் வருஷப் பெரிய பரீட்சையில் ஐம்பத்தாறு. காலேஜில் அறுபது கேட்கிறார்கள். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று புள்ளி வைத்து, ஸ்கேல் பிடித்து, மேல் விளிம்பை முட்டுகிற மாதிரி ஒரு கோடு இழுத்து, பிரின்ஸிபால் டென்சில் சாரின் மேசையில் விரித்தேன். "பெரியவரே, எங்களுக்குக் கடைசி மார்க்தான் கணக்கு" என்றார். "சார், தரைமேல நிக்கிறவனும் சுரங்கத்து அடியிலருந்து ஏறி வர்றவனும் ஒண்ணா? கோடு எந்தப் பக்கம் போவுது பாருங்க, இப்படியே விட்டா நூறைத் தாண்டிடும்" என்றேன். "நூறுக்கு மேல மார்க் இல்லீங்களே" என்று சிரித்து டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை. இந்த மார்க்கை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுபரீட்சை எழுதட்டும், அறுபது வந்தால் இடம் தருகிறேன் என்றார். கண்ணெரியப் படித்து வாங்கின மார்க்கைத் திருப்பிக் கொடுக்க அதென்ன அளவு சேராத ஜாக்கெட்டா?

வீட்டுக்கு வந்து, "நீ எழுதக் கூடாது, அவங்கதான் இறங்கி வரணும்" என்றேன். "சரி மாமா" என்றாள், எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். "டீயையாவது குடிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் காலேஜ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வாட்ச்மேன் அப்பாதுரை முதலில் விரட்டினான். இப்போது, "பெருசு, சாரே இன்னிக்கு லீவு, நீயும் லீவு எடுத்துக்கயேன்" என்கிறான். எடுப்பேனா? வெண்ணிலாவோ காலையிலேயே டிபன் பாக்ஸ் கட்டி, மழை வந்தால் குடையும் கொடுத்து, "விடாதீங்க மாமா, சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்காதீங்க" என்று தெருமுனை வரை வந்து அனுப்புகிறாள். இந்தப் பெண்ணையா கூட்டிப்போகிறேன் என்கிறாய்?

காலேஜ் இறங்கும்வரை நான் இறங்க மாட்டேன். மறுபரீட்சைப் பேச்சு என் வீட்டில் நடக்காது. மீறி வந்தால் உனக்குப் பிரியாணி உண்டு, பெண் கிடையாது.

நீயும் மாப்பிள்ளையும் மூச்சு வாங்காமல் நூறு வயசு நடமாட வேண்டும்.

உன் அண்ணன்,
ஜெயவேலு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் வெண்ணிலா வந்து என் காலில் விழுந்தாள். நான் பெஞ்சில் இருந்த நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து படித்து, மறுபரீட்சையும் எழுதிவிட்டாளாம். இன்று ரிசல்ட். அறுபத்தெட்டு. "நீங்க வீட்டுல இருந்தா படிக்க விட்டிருப்பீங்களா மாமா?" என்கிறாள். என்னை ஆட்டோவில் ஏற்றிக் காலேஜுக்கு இழுத்துப் போனாள். இடம் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு கட்டாயம் வா. காலேஜுக்குப் போட்டுப்போக அவளுக்கு நல்ல செருப்பாக ஒரு ஜோடி வாங்கி வா.

டென்சில் சாரின் டீயைக் குடித்தேன். சர்க்கரை கம்மி. என் காலண்டர் தாளை அவர் பத்திரமாக வைத்திருந்தார். நாலாவது புள்ளியை நானே வைத்துக் கோட்டை இழுத்தேன். தாள் பத்தவில்லை. அவர் மேசைமேல் கொஞ்சம் ஏறிவிட்டது.