அக்கா சார்பில் அத்தான்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் அக்காவும் சௌக்கியம் என்றே நம்புகிறேன்; அவள் வாயால் கேட்டு உறுதி செய்ய இப்போது வழியில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் இந்த வாழ்த்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இத்தனைக்கும் காரணம் அவள் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய நாவல்.

ஒரு குடை அனுப்பியிருக்கலாம். ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருக்கலாம். நீங்கள் அனுப்பியதோ நானூறு பக்கத்துக்கு ஒரு நகரம், அங்கே பெண்கள் வாசலைத் தாண்டினால் பேசக் கூடாதாம், கடையானாலும் கோர்ட்டானாலும் அவர்கள் சார்பில் வீட்டு ஆண்தான் பதில் சொல்ல வேண்டுமாம். நான் பன்னிரண்டு பக்கம் படித்தேன். இப்படியெல்லாம் எங்கேயாவது நடக்குமா என்று மூடி வைத்துவிட்டேன். அவள் மூன்றே நாளில் முடித்தாள். அந்த மூன்று நாளும் அடுப்பில் வைத்ததெல்லாம் அடிப்பிடித்தது, நான் பெருந்தன்மையாக இரண்டு நாள் மட்டும்தான் சொல்லிக்காட்டினேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த நாவலைப் பற்றி நூலகத்தில் வாசகர் கூட்டம் வைத்தார்கள். பத்துப் பெண்கள், உங்கள் அக்கா, துணைக்கு நான். நூலகர் அம்மா உங்கள் அக்காவைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் தவிக்கப் போகிறாளே என்று நான் எழுந்தேன். முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவன், எனக்கென்ன கூச்சம். "இவளுக்குக் கதை பிடிக்கலை. ரொம்ப மிகைன்னு நினைக்கிறா. பொம்பளைங்களை யாரு பேச விடாம வச்சிருக்காங்க?" என்றேன். பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சு எடுபடுகிறதே என்று இன்னும் இருபது நிமிடம் பேசினேன். உங்கள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மூடிய வாய்தான், இன்றோடு ஒன்பது நாள். யார் என்ன கேட்டாலும் என் பக்கம் கையைக் காட்டுகிறாள்.

கையைக் காட்டினால் பதில் சொல்லத் தெரியாதவனா நான்? ஆனால் தையல்காரர் "கழுத்து எவ்வளவு இறக்கம் வைக்கட்டும்?" என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? பல் டாக்டர் அம்மாவிடம் கூட்டிப் போனேன். "எந்தப் பல் வலிக்குது?" என்று அவர் கேட்க, இவள் என்னைக் காட்ட, நான் கீழ் வரிசையில் வலது கடைசி என்று தைரியமாகச் சொன்னேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்லு மாதிரி இருக்கு. நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார். அரைமணி நேரம் உள்ளே ஒரே பேச்சும் சிரிப்பும். மரத்துப்போகிற ஊசி போட்டால் சிலருக்கு அப்படி ஆகும் போலிருக்கிறது. வெளியே வந்தால் பழையபடி ஊமை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று உங்கள் மருமகள், அதான் என் பொண்ணு, போன் பண்ணினாள். இவள் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். "அம்மா என்ன முடிவு சொல்றாங்கப்பா? இன்னைக்கு ஆபீஸ்ல பதில் சொல்லணும்" என்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடல் தாண்டி ஒரு கிளைக்கு அவளைத் தலைமைப் பொறுப்பில் அனுப்புகிறார்களாம், போகலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்களாம். நானும் அதே வீட்டில்தானே இருந்தேன்? திரும்பிப் பார்த்தேன், இவள் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், "அம்மா வேண்டாம்னு சொல்றா" என்று சொல்லிவிட்டேன். "அம்மாவா அப்படிச் சொன்னாங்க?" என்றாள். "ஆமா" என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

அப்போதிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொண்ணு பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. வீட்டுல என் குரல் மட்டும்தான் கேக்குது, எனக்கே அலுத்துப்போச்சு. இவளுக்கு என்ன ஆச்சு என்று நூலகரைக் கேட்டேன், டாக்டரைக் கேட்டேன், மாடி வீட்டுக்காரரைக் கூடக் கேட்டேன், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் கூடப் பிறந்தவர். அது வெறும் கதைதான் என்று உங்கள் அக்காவுக்கு நீங்களாவது எழுதுங்கள்.

உங்கள் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் வாய் நிறையப் பேசிக்கொண்டு நீண்ட நாள் இருக்க வேண்டும். எனக்கு உறை ஒட்ட வராது என்பதால் கடிதத்தை உங்கள் அக்காவிடமே கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தன் சார்பிலும் அக்கா சார்பிலும்,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்த்தேன். நீ பதறாதே. நேற்றே, இவர் குளிக்கப் போன நேரத்தில் மகளைக் கூப்பிட்டு, "தைரியமாப் போடி" என்று சொல்லிவிட்டேன், அவளும் ஆபீஸில் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நாவல் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே ஆசிரியர் வேறு ஏதாவது எழுதியிருந்தால் அனுப்பு. இவருக்கு நீ ஒன்றும் பதில் எழுத வேண்டாம். இவர் ஒரு வார்த்தை கேட்டால் அன்றைக்கே பேசிவிடலாம் என்றுதான் நானும் இருக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு என்று ஒன்பது நாளாக ஊரெல்லாம் விசாரித்துவிட்டார், என்னிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.