அலையில்லாத கடல் செல்லாது

கடல் என்றால் அலை இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் கொள்கை. ராமேசுவரம் கோயிலுக்கு எதிரே கிடக்கும் கடலுக்கு இதை யாரும் தெரிவிக்கவில்லை. அது பெண்கடல். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீராகச் சும்மா கிடக்கும்.

பரமக்குடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சோணைமுத்து அந்தக் கடலைப் படம் பிடிக்கப் போனது கலை ஆர்வத்தால் அல்ல. அவனுடைய ஊர்க் கண்மாயில் மடை விரிசல் விட்டுத் தண்ணீர் வீணாகக் கசிந்துகொண்டிருந்தது. மடையைக் கட்டாவிட்டால் அவனைப் பெற்ற அய்யாவின் நெல் கருகிவிடும். மனுக் கொடுக்கப் போன இடத்தில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. நிர்வாக வசதியை முன்னிட்டு, கடல், கண்மாய், காலண்டர் மூன்றையும் ககர வரிசைப்படி ஒரே அதிகாரியிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

"காலண்டருக்குக் கோயில் கடல் படம் அவசரம். கொண்டா, அன்னைக்கே உன் மடைக்குக் கையெழுத்து" என்றார் அதிகாரி.

கொண்டுபோனான்.

"என்னய்யா, கண்மாயைப் பிடிச்சிட்டு வந்திருக்கே?"

"கடல்தாங்கய்யா. பெண்கடல். அலை வராது."

"அலை வராத கடலை அரசாங்கம் எப்படிய்யா நம்பும்?"

படத்தை மேஜைக்குள் தள்ளிவிட்டார். சோணைமுத்து கழுத்தளவு தண்ணீரில் நின்று எடுத்தான். கேமராவைச் சாய்த்துப் பிடித்தான். கடல் ஒருபக்கமாக வழிந்தது. தங்கச்சிமடத்து மீனவர்களைக் கெஞ்சி வள்ளத்தை ஆட்டச் சொன்னான்.

"கடலை நாங்க ஆட்டவா? அதுதானப்பா எங்கள ஆட்டிக்கிட்டிருக்கு" என்று சிரித்துக்கொண்டே ஆட்டினார்கள்.

"இது அலையில்ல, நெளிவு" என்று அதையும் தள்ளினார் அதிகாரி.

வந்த ஆத்திரத்தில் சோணைமுத்து ஊருக்குப் போய்க் கண்மாய்க் கரையில் குப்புறப் படுத்தான். கேமராவைத் தண்ணீரை ஒட்டி வைத்துக்கொண்டு, அய்யாவின் எருமைகளை மேட்டிலிருந்து விரட்டச் சொன்னான். அவை விழுந்த வேகத்தில் தண்ணீர் சுவராக எழும்பியது. அந்தப் படத்தைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜைமேல் வைத்தான்.

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உப்புத்தண்ணி மேல தெறிக்குதுய்யா! இதுதான் கடல்!"

"மடைங்கய்யா..."

"அதுக்கென்ன? உன் கண்மாய்ப் படந்தான் எங்கிட்ட இருக்கே!" என்று, முதலில் வந்த பெண்கடல் படத்தை மனுவோடு சேர்த்துத் தைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மனுவில் தைத்ததுதான் கடல் என்று சொன்னால், அப்போ காலண்டருக்குக் கொடுத்தது எது என்று கேட்பார். சோணைமுத்து கும்பிடு போட்டுவிட்டு வந்தான்.

படத்தில் கண்ட இடத்தைத் தேடிப் பிடித்து, ராமேசுவரம் கடலோரத்தில் ஒரு மடை கட்டினார்கள். கடல் நீர் வீணாவது தடுக்கப்பட்டதாகப் பாராட்டுக் கூட்டமும் நடந்தது. ஊர்க் கண்மாய் மார்கழியிலேயே வறண்டது. நெல்லெல்லாம் மணி பிடிக்காமல் சாவியாய்ப் போயிற்று.

தை பிறந்ததும் காலண்டர் வந்தது. அய்யா அதைச் சுவரில் மாட்டிக் கண்கொட்டாமல் பார்த்தார்.

"கடல்னா இதுல்ல கடல்! நம்மூர்லயும் ஒண்ணு கெடக்கே, துப்புக்கெட்ட கண்மா."

"அய்யா, இது நம்ம கண்மாதான். அந்தா ஓரத்துல பாருங்க, நம்ம எருமக் கொம்பு."

அய்யா கிட்டப் போய்ப் பார்த்தார். கொம்பு தெரிந்தது.

"அப்ப அது கடல் எருமலே. அரசாங்கமே கடல்னு அச்சடிச்ச பெறகு, படம் புடிச்ச ஒனக்கு என்னலே தெரியும்?"